காவேரிப்பட்டினம் வீடு ஏன் முதலில் விழுந்தது

"எங்க ஊடு மட்டும் ஏன்டா எப்பவும் மொதல்ல போவுது?"

இரண்டாயிரத்தெட்டு மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமீர் கேட்ட கேள்வி இது. கேட்டது சுபாஷிடம். இடம், ஓசூர் பாகலூர் சாலையில் சமீருடைய அப்பா கௌஸ் மொய்தீன் நடத்திய பழைய மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையின் மாடி அறை. எதிரே கம்ப்யூட்டர் திரையில் பன்னிரண்டு கோட்டைகள் உள்ள ஒரு வரைபடம். அதில் காவேரிப்பட்டினத்தின் பச்சை நிறம் மறைந்து, பக்கத்துக் கோட்டையின் மஞ்சள் அங்கே பரவியிருந்தது.

"தெரிலடா" என்றான் சுபாஷ். அன்றைக்கு அது பொய் இல்லை. உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவன் என்ன சொன்னான் என்பதைச் சொல்லத்தான் இது எழுதப்படுகிறது.

சுபாஷின் அப்பா பெரியதம்பிக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. கம்பெனி பஸ் ஓட்ட ஓசூருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவர். அம்மா ஜெயமணி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். சுபாஷ் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் விழுந்தான். மறுபடி எழுதித் தேறிப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன், ஆறு மாதத்தில் அதையும் விட்டான். ஓர் இடத்தில் உட்கார மாட்டான், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று வீட்டில் பேச்சு. பத்தொன்பது வயதில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். வண்டி இன்ஜின் பாகங்களில் போட்ட துளை சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜை நுழைத்துப் பார்க்கும் வேலை. நுழைந்தால் நல்லது, நுழையாவிட்டால் சிவப்புத் தொட்டி. ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு துளை.

அப்படிப்பட்டவன் ஒரு நாற்காலியில் ஏழு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தது சமீர் வீட்டு மாடியில் மட்டும்தான்.

சமீர் அவனைவிட ஒரு வயது மூத்தவன். பத்தாவதோடு கடையில் உட்கார்ந்துவிட்டான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் துண்டு துண்டாக வாங்கி அவனே பூட்டிய கம்ப்யூட்டர் மாடியில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில்தான் இரண்டு பேருக்கும் பழக்கம். ஐரோப்பாவின் பழைய பிரபு வம்சங்களை வைத்துச் செய்த ஒரு விளையாட்டின் சி.டி. சமீரிடம் கிடைத்தபோது அந்தப் பழக்கம் சிநேகமாயிற்று. அந்த விளையாட்டில் நாம் ஒரு படைவீரன் அல்ல, ஒரு குடும்பம். தாத்தா செத்தால் மகன், மகன் செத்தால் பேரன். கல்யாணம் பேசுவது, பிள்ளைக்கு நிலம் ஒதுக்குவது, மேலே இருக்கும் ராஜாவைப் பகைக்காமல் காலம் தள்ளுவது. குடும்பம் அழியாமல் இருந்தால் வெற்றி.

அந்த விளையாட்டின் கோப்புகள் எல்லாம் நோட்பேடில் திறக்கக்கூடிய வெறும் எழுத்துகள். ஊர்ப் பெயரை மாற்றலாம், ஆட்களை மாற்றலாம், விதிகளையும் மாற்றலாம். அப்படி மாற்றி வேறு விளையாட்டாக்குவதற்கு மோட் என்று பெயர். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்களை வைத்து மோட் செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். நம் பக்கத்துப் பன்னிரண்டு கோட்டைகளை வைத்து நாமும் செய்தால் என்ன என்று சுபாஷ் கேட்டான். சமீர் அன்றைக்கே ஐரோப்பா வரைபடத்தை எடுத்துவிட்டு ராயக்கோட்டையை வைத்தான்.

ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு பிரபு வீடு வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பா, அம்மா, பிள்ளைகள், பிறந்த வருடம் எல்லாம் வேண்டும். இத்தனை பேருக்குப் பெயருக்கு எங்கே போவது? தெரிந்தவர்களை எல்லாம் பிரபுவாக்கினார்கள். சுபாஷின் வீட்டுக்காரர் நாராயணப்பன் தளிக் கோட்டைக்கு அதிபதியானார். கம்பெனி கேன்டீன் சரோஜம்மாள் அஞ்செட்டியை ஆளும் விதவை ராணி. சூப்பர்வைசர் சின்னராஜுக்குச் சானமாவுக் காட்டைக் கொடுத்து, அவருடைய படையில் ஐம்பதே பேரை வைத்தார்கள். அங்கே யானைப்படை வேண்டும் என்று சமீர் அடம்பிடித்தான். விளையாட்டில் யானை கிடையாது. குதிரைக்கே யானை என்று பெயர் வைத்துச் சமாதானமானார்கள்.

விளையாட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மொழி எழுத வேண்டும். மேலே இருப்பவன் ஒரு மொழி, கீழே இருப்பவன் வேறு மொழி என்றால் வருடா வருடம் சந்தேகம் ஏறும். சந்தேகம் முற்றினால் மேலே இருப்பவன் கோட்டையைப் பிடுங்கிக்கொள்வான். நாராயணப்பன் வீட்டில் பேசுவது தெலுங்கு, பால் ஊற்ற வருபவரிடம் கன்னடம், குடியிருப்பவர்களிடம் தமிழ், வாடகை தாமதமானால் மூன்றும். அவருக்கு எந்த மொழியை எழுதுவது என்று ஒரு முழு ஞாயிறு விவாதம் நடந்தது. கடைசியில் சுபாஷே தீர்ப்புச் சொன்னான். ஓசூரில் மொழியை வைத்து யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை, அந்த எண்ணைச் சைபர் ஆக்கு என்றான். ஆக்கினார்கள். அதில் அவனுக்குப் பெருமை.

கம்பெனியிலிருந்து சுபாஷ் ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தான். அங்கே மெஷினில் ஓர் அளவை யார் மாற்றினாலும் தேதி, பழைய அளவு, புதிய அளவு, காரணம், கையெழுத்து ஐந்தையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். மோடுக்கும் அப்படி ஒரு நீளநோட்டுப் போட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டது சமீரின் தங்கை நாஸியா. பதினோராம் வகுப்புப் படித்தாள். விளையாட்டில் நடுநடுவே வரும் செய்திகளை எழுதுவதும் அவள்தான். எழுதாமல் யாராவது ஓர் எண்ணைத் தொட்டால், "கையெழுத்து எங்க ணா?" என்று இரண்டு பேரையும் உலுக்கிவிடுவாள்.

காவேரிப்பட்டினம் வீடு கடைசியாகச் சேர்ந்தது. பன்னிரண்டாவது கோட்டைக்கு ஆள் இல்லை. எங்க ஊட்டையே போட்றா என்றான் சமீர். அந்தக் காலத்தில் அங்கே நம் ஆட்கள் ஏது என்று நாஸியா கேட்டதற்கு, குதிரை வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று வைத்துக்கொள் என்றான். கௌஸ் மொய்தீன் பிரபுவானார். அவருடைய மனைவி சுக்ரா, மகன் சமீர், மகள் நாஸியா எல்லோரும் ஆயிரத்து முந்நூற்று நாற்பதாம் வருடத்துக் கோட்டைக்குள் குடிவந்தார்கள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சமீர் அதைச் சொல்லிச் சிரித்தான். விளையாட்டில்தான் என்றாலும் அவனுக்கு அது முக்கியமாகிவிட்டது. வாடகைக் கடை, வாடகை மாடி, வருடத்துக்கொரு தடவை காலி செய்யச் சொல்லும் பேச்சு. இதற்கு நடுவில் எங்கேயோ அவன் பெயரில் ஒரு கோட்டை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தானோட்டம் விடுவார்கள். யாரும் கைவைக்காமல், கம்ப்யூட்டரே பன்னிரண்டு வீட்டையும் ஆடும்படி விட்டுவிடுவது. காலை பத்து மணிக்கு விட்டால், சுக்ரா கடையின் பின்கட்டு வீட்டிலிருந்து அனுப்பும் பிரியாணியைச் சாப்பிட்டு எழுவதற்குள் நூறு வருடம் போயிருக்கும். கரண்ட் நிற்காமல் இருந்தால் நாலு மணிக்கு ஆயிரத்து ஐந்நூறாவது வருடம். எந்த வீடு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். ஒரு வாரம் அஞ்செட்டி ஜெயிக்கும், ஒரு வாரம் தளி. சானமாவுச் சின்னராஜ்கூட ஒரு தடவை ஜெயித்தார். காவேரிப்பட்டினம் மட்டும் முப்பது வருடத்தைத் தாண்டவில்லை.

சமீர் கேட்ட பிறகு சுபாஷ் பலதும் செய்து பார்த்தான். அந்தக் கோட்டையின் சுவரை உயர்த்தினான். ஆயிரம் வீரர்களைக் கூட்டினான். பிரபுவுக்கு இன்னும் மூன்று மகன்களைக் கொடுத்தான். கீழே கல்லாவில் இருந்த கௌஸ் மொய்தீனிடம் யாரோ போய் இதைச் சொல்ல, இருக்கிற ஒருத்தனையே மேய்க்க முடியவில்லை என்றார் அவர். ஒவ்வொன்றும் நோட்டில் ஏறியது. ஒன்றும் பலிக்கவில்லை. எதிரி படையெடுத்தால்தானே சுவர் உதவும்? மேலே இருந்த ராஜாவே கோட்டையைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம், சமீர் கடையில் இருந்த ஒரு மதியம், சுபாஷ் தனியாக உட்கார்ந்து விதிக் கோப்பை வரி வரியாகப் படித்தான். மொழிக்கு அடுத்த வரி மதம். வேறு மதமென்றால் வருடத்துக்குச் சந்தேகம் நாலு ஏறும் என்று இருந்தது. அசல் விளையாட்டின் கோப்பைத் திறந்து பார்த்தான். அங்கே ஒன்று. ஒன்றை நாலாக்கியது யார் என்று நோட்டைப் புரட்டினான். ஜனவரி மாதப் பக்கத்தில், மோட் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது. மதம், ஒன்று, நாலு. காரணம்: ஆட்டம் சப்பென்று இருக்கிறது. கீழே 'சு' என்று சுழித்திருந்தான்.

எழுதிய ஞாபகமே அவனுக்கு இல்லை. காவேரிப்பட்டினம் வீடு அப்போது பிறக்கவே இல்லை. சமீரை நினைத்து அவன் அந்த எண்ணைப் போடவில்லை. ஆனால் மொழிக்காக ஒரு ஞாயிறு முழுக்க யோசித்தவன், மதத்துக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அப்படித்தானே இருக்கும் என்று கை தானாகப் போட்டிருக்கிறது. மற்ற பதினோரு வீடும் மேலே இருந்த ராஜாவும் ஒரே மதம். அதனால் அந்த நாலு விழுந்தது ஒரே ஒரு வீட்டின்மேல்.

திருத்த ஒரு நொடி போதும். ஆனால் திருத்தினால் நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் திருத்தினாலோ, அடுத்த ஞாயிறு காவேரிப்பட்டினம் பிழைத்து நிற்கும், என்ன மாற்றினாய் என்று சமீர் கேட்பான், நாஸியா நோட்டைத் திறப்பாள், பழைய பக்கம் வரைக்கும் போவாள். சுபாஷ் கோப்பை மூடினான். சமீர் மாடிக்கு வந்து, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டான்.

"அது ஆட்டத்தோட இன்ஜின்லயே அப்படி இருக்குதுடா" என்றான் சுபாஷ். "அத செஞ்ச கம்பெனிக்காரன் உள்ள வெச்சிப் பூட்டிட்டான். நம்மால தொட முடியாது."

சமீர் நம்பினான். விதிக் கோப்பு சுபாஷின் பொறுப்பு. வரைபடம் சமீரின் பொறுப்பு. ஒருவர் வேலையை மற்றவர் கிளறுவதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு. வெள்ளைக்காரன் எழுதிய ஆட்டம், அவனுக்கு நம்மைத் தெரியுமா என்று விட்டுவிட்டான்.

அடுத்த மாதக் கடைசியில் பெங்களூரில் குண்டுகள் வெடித்தன. அதற்கு அடுத்த வாரம் கம்ப்யூட்டரின் ரேம் என்கிற மெமரி கார்டு போய்விட, இரண்டு பேரும் சமீரின் வண்டியில் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மாநில எல்லையில் போலீஸ்காரர்கள் எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரிடமும் பெயர் கேட்டார்கள். சுபாஷிடம், இவனை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார்கள். மூன்று வருடம் என்றான். நீ போகலாம் என்றார்கள். சமீரை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மெமரி கார்டு, ஒயர், வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பேனர் ஒவ்வொன்றையும் ஒரு துணியில் பரப்பினார்கள். சுபாஷ் எதிர்ப்புற டீக்கடையில் நின்றான். அன்றைய பி ஷிப்ட் வேலைக்குப் போக முடியவில்லை. நாலரை மணி நேரம் கழித்து சமீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றான்.

டீ வாங்கிக் கொடுத்தான் சுபாஷ். சமீர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தான்.

"பாரேன், நம்ம ஆட்டம் மாதிரியே கீது. மொதல்ல எங்க ஊடு."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சுபாஷ் வாயைத் திறந்தான். இன்னொரு டீ வேணுமா என்றுதான் அதிலிருந்து வந்தது.

அந்த ஞாயிறு புது மெமரி கார்டைப் போட்டுத் தானோட்டம் விட்டார்கள். காவேரிப்பட்டினம் பதினெட்டு வருடத்தில் போயிற்று. சமீர் திரையை அணைத்தான். பிறகு நாஸியாவைக் கூப்பிட்டு, அந்த வீட்டையே எடுத்துவிடு, பதினோரு கோட்டை போதும் என்றான். வேணாம்டா என்றான் சுபாஷ். ஏன் என்று கேட்டதற்கு, பன்னிரண்டு கோட்டைதானே நம் கணக்கு என்றான். உண்மைக் காரணம் அது இல்லை.

ஒரு வீட்டை எடுப்பது சும்மா வேலை இல்லை. அந்த வீட்டு ஆட்களின் பெயர் எந்தெந்தக் கோப்பில் வருகிறதோ அத்தனையிலிருந்தும் நீக்க வேண்டும். ஒரு வரி மிஞ்சினாலும் விளையாட்டு திறக்காது. நாஸியா திங்கள் முதல் புதன் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினாள். அவளுடைய அம்மா பெயர், அண்ணன் பெயர், அவளுடைய பெயர். புதன்கிழமை விதிக் கோப்புக்கு வந்தாள். அந்த மதத்தில் இனி விளையாட்டில் யாரும் இல்லை என்பதால், அந்த வரியும் தேவையில்லை என்று பார்த்தாள். நாலு என்று இருந்தது. அவள் செய்வதை முறையாகச் செய்கிறவள். நீக்குவதை எழுதும் முன், அந்த நாலு எப்போது ஏறியது என்று பார்க்க நோட்டைப் பின்னால் புரட்டினாள்.

வியாழக்கிழமை ஏ ஷிப்ட் முடிந்து சுபாஷ் மாடிக்கு வந்தபோது நோட்டு திறந்து கிடந்தது. சமீர் நாற்காலியில் இருந்தான். நாஸியா ஜன்னல் பக்கம் நின்றாள்.

"இது எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டான் சமீர்.

சுபாஷ் பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தான். இன்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருக்கவும் கூடும்.

"ஜூன்ல" என்றான்.

"பார்டர்ல உக்கார வெச்சப்ப?"

"தெரியும்."

சமீர் நோட்டை மூடினான். கோபத்தில் மூடவில்லை, பக்கம் மடியாமல் பார்த்து மூடினான்.

"நாலு போட்டியே, அத நான் ஒண்ணும் சொல்லலடா. உனக்குத் தெரியாம கை போட்டுச்சி. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் போடும். தெரிஞ்சப்புறம் என் மூஞ்சியப் பாத்து இன்ஜின்னு சொன்ன பாரு. நானும் போயி எங்கப்பாகிட்ட, வெள்ளைக்காரன் பண்ணதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

சுபாஷ் ஏதோ சொன்னான். இப்பவே சைபர் ஆக்கிவிடலாம், வீட்டைத் திரும்பச் சேர்த்துவிடலாம், நானே உட்கார்ந்து எல்லாப் பெயரையும் அடிக்கிறேன் என்றெல்லாம் சொன்னான். வேண்டாம் என்றாள் நாஸியா. மூன்று நாளாக எங்கள் பெயரை நாங்களே அழித்தோம், மறுபடியும் எங்களை எழுதவா என்று கேட்டாள். சமீர் அவளை அதட்டவில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சுக்ரா எப்போதும்போல டீ அனுப்பினார். அதைக் குடித்துவிட்டுத்தான் சுபாஷ் இறங்கினான். சமீர் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தான். நோட்டைக் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு சுபாஷ் போனபோது மாடிக் கதவு பூட்டியிருந்தது. கீழே கடையில் சமீர் ஒருவருக்குக் கார்புரேட்டர் விலை சொல்லிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான். என்னடா, வா என்று கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு சுபாஷ் போகவில்லை.

வீட்டில் பெரியதம்பிக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையில் மகன் வீட்டில் இருப்பது அவருக்கு ஆச்சரியம்.

"என்னாடா, ராசாங்க எல்லாம் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றான்.

நவம்பரில் கம்பெனியில் ஆர்டர் குறைந்து கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். சுபாஷுக்கு நேரம் கிடைத்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த எண்ணைச் சைபர் ஆக்கினான். காவேரிப்பட்டினம் வீட்டைத் திரும்ப எழுதினான். ஆனால் கௌஸ் மொய்தீன் குடும்பத்தின் பெயர்களை வைக்க அவனுக்குக் கை வரவில்லை. அவர்களைக் கேட்காமல் வைப்பது சரியில்லை. வேறு பெயர்கள் வைத்தான். ஏழு தானோட்டம் விட்டான். இரண்டில் அந்த வீடு கடைசிவரை நின்றது. மற்ற ஐந்தில் வெவ்வேறு காலத்தில் விழுந்தது. ஒரு தடவை வாரிசு இல்லாமல் போயிற்று, ஒரு தடவை ராயக்கோட்டை படையெடுத்தது, ஒரு தடவை அண்ணன் தம்பிகளே அடித்துக்கொண்டார்கள். எல்லா வீடும் விழுகிற மாதிரிதான் விழுந்தது. அதைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

இரண்டாயிரத்தொன்பது பிப்ரவரியில் மோடை இணையத்தில் ஏற்றினான். கூடவே வைக்கும் குறிப்புக் கோப்பில், எந்த எண்ணை யார் எதற்காக மாற்றினார், பிறகு யாரிடம் என்ன பொய் சொன்னார் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினான். நாற்பத்தொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். ஒரு போலந்துக்காரன் மட்டும் பதில் எழுதினான், யானைப்படை நன்றாக இருக்கிறது என்று.

சொல்லிவிட்டு வரலாம் என்று அன்று சாயங்காலமே பாகலூர் சாலைக்குப் போனான். கடை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை இருந்தது. ஜனவரியிலேயே காலி செய்துவிட்டார்கள், பெங்களூர்ப் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, வாணியம்பாடி என்றார் இன்னொருவர். போன் நம்பர் மாறியிருந்தது. சுபாஷ் இரண்டு ஊருக்கும் போய்ப் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தான். கிடைக்கவில்லை. இப்போது அவன் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான், அதே துளை பார்க்கும் வேலை.

மோடை இறக்கிக்கொண்ட நாற்பத்தொரு பேருக்கும் சமீரைத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். வயது இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டாலும் பிளக்கா, கார்புரேட்டரா என்று பார்க்காமலே சொல்லுவான். தங்கை நாஸியா இந்நேரம் கல்லூரியில் இருக்கக்கூடும். அவர்களைத் தெரியாவிட்டாலும், பழைய உதிரிபாகக் கடையில் வேலை செய்கிற யாரிடமாவது இந்தக் காகிதத்தைக் கொடுங்கள். படித்துவிட்டு அடுத்த கடைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சமீர் பதில் அனுப்ப வேண்டும் என்று இல்லை. இன்ஜின் மேல் தப்பு இல்லை என்று சுபாஷ் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்பது அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.